குர்லாவில் வாங்கிய பிளேயர்

ஞாயிறு இரவு

கடைக்காரர்கள் தங்கள் கடைப் பெயரையே போட்டு விற்கும், கம்பி வெட்டும் கட்டிங் பிளேயர் முன்பு பத்து வருஷம் உழைக்கும். போன மாதம் வாங்கியதற்கு இப்போதே வாய் கோணிவிட்டது. அதனால் இன்று தாராவிக்குப் பக்கத்திலுள்ள குர்லாவின் பழைய சாமான் கடைகளில் பழையது தேடினேன்.

"ஆயுசுக்கும் வரும் அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கினேன்.

வீட்டில் துடைத்தபோது கைப்பிடியில் மூன்று புள்ளிகள் தெரிந்தன. எங்கள் தாராவியில் கருவி மாறிப்போகாமலிருக்க ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு குறி. இது பக்கத்துப் பட்டறை சுலைமான் பாயுடையது.

மழைக்காலத்தில் இது காணாமல் போனபோது கடைசியாக இரவல் வாங்கியிருந்தவன் நான்தான். "அன்னைக்கே குடுத்துட்டேனே பாய்" என்றேன்.

"சரிடே, எங்கயாவது கெடக்கும்" என்றார். அதற்குப் பிறகு எனக்கு எதையும் இரவல் தருவதில்லை.

நாளை கொண்டுபோய்க் கொடுத்தால் குர்லா கதையை நம்புவாரா, இத்தனை நாள் நான்தான் வைத்திருந்தேன் என்று நினைப்பாரா?

இப்போது ஒரு கம்பியை வெட்டிப் பார்த்தேன். ஒரே அழுத்தில் அறுந்தது.