லாக்கப் என்று எழுத மறுத்தேன்

13-6-1994, திங்கள்

அவையீர்! அமர்ந்திருக்கும் பெரியோரே, நின்றிருக்கும் தோழரே! இவ்வறையில் அவை ஏதும் இல்லை. மேசையும் நாற்காலியும் நானுமே இருக்கிறோம். எனினும் விளிக்காமல் எனக்கு எழுத வராது. என் முறையீடு இது: சோழபுரத்துச் சங்கிலிப்பாண்டி சனிக்கிழமை மாலை முதல் வீட்டில் இல்லை. அவன் காணாமற்போகவில்லை. காவலர் கொண்டுபோயினர். கொண்டுபோனவரே கொண்டுபோகவில்லை என்கின்றனர்.

அவன் மனைவி அய்யம்மாள் இன்று காலை வந்தாள். கணவன் செண்பகத்தோப்பு அடிவாரத்து மாந்தோப்புகளில் மரமேறிக் காய் பறிப்பவன். தோப்பு ஒன்றில் நீரிறைக்கும் மோட்டார் களவு போனதாம். தோப்புக்காரர் கைகாட்டியது இவனை.

"ஜீப்புல ஏத்துனத நாலு பேரு பாத்தாக அய்யா. நேத்து ஸ்டேசனுக்குப் போனேன். அப்படி ஆளே வரலங்காக. லாக்கப்புக் கம்பிக்குக் கீழ கால் தெரிஞ்சுது. அவிய கால் எனக்குத் தெரியாதா? பெருவெரல்ல நகமே கெடையாது."

என்னிடம் வந்தது ஏன் என்று கேட்டேன். "நீங்கதான மைக்குல போலீசத் திட்டுற அய்யா?" என்றாள்.

ஆம், அம்மா. நான்தான்.

பிடித்த எவரையும் ஒரு நாள் பொழுதுக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியற் சட்டம். மனித உரிமைக் காப்புக்கென்றே தில்லியில் புதுச் சட்டம் கையொப்பமாகி ஐந்து திங்களே ஆகின்றன. மை உலர்வதற்குள் மீறுகின்றனர்! நிலையத்தின் பெயரை இங்கு எழுதேன். இக்குறிப்பேடு நாளை எவர் கையில் சிக்குமோ.

14-6-94, செவ்வாய்

நிலையத்துக்குச் சென்றேன். தலைமைக் காவலர் ஐயாதுரை நாற்காலியிலிருந்து எழவில்லை.

"வாரும் புலவரே. அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல. மாங்கா வித்த மப்புல எங்கயாவது கெடப்பான்."

பதிவேட்டைக் காட்டுக என்றேன்.

"விசாரணைக்கு வாரவன் பேரெல்லாம் எழுதுனா நோட்டுத் தாங்குமாவே?"

கொண்டுவரவே இல்லை என்றவர், விசாரணை என்கிறார்! அதைச் சுட்டினேன். சிரித்தார். அவருக்குப் பின்னால் ஒரு கம்பிக் கதவு. அதன்மேல் சாக்குப் படுதா. நேற்று முன்தினம் அங்கே படுதா இல்லை என்கிறாள் அய்யம்மாள்.

பிற்பகல் முறையீடு தீட்டினேன். திருவில்லிபுத்தூர் வழக்கறிஞர் வைகுண்டராசு தாம் எழுதித் தருவதாகச் சொல்லியனுப்பினார். வேண்டா என்றேன். பாதி ஆங்கிலமும் பாதி வடமொழியுமாக அவர் எழுதுவதைத் தமிழன் எவன் படிப்பான்? மன்றத்தில் தமிழ் வேண்டும் என்று இருபதாண்டுகள் மேடையில் முழங்கியவன் நான். எழுதியது:

"என் கொழுநன் சங்கிலிப்பாண்டியைக் காவலர் கவர்ந்து சென்று கொடுஞ்சிறையில் அடைத்துள்ளனர். அச்சிறையைத் துருவி ஆய்ந்து அவரை மீட்டளித்தருளுக."

படித்துக் காட்டினேன். அய்யம்மாள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"அய்யா, லாக்கப்புன்னு சொன்னேனே. அது இதுல வரலையே?"

"வந்திருக்கிறது, அம்மா. தமிழில் வந்திருக்கிறது."

கால் தெரிந்ததையும் அவள் எழுதச் சொன்னாள். முறையீட்டின் மாண்புக்கு அது பொருந்தாது என்று விட்டேன். அவள் கைந்நாட்டு வைத்தாள்.

என் மனைவி ஞானபாக்கியம் அடுக்களையிலிருந்து, "அந்தப் பிள்ள சொல்லுகதையே எழுதுனா என்ன? கோர்ட்டுல ஒங்களுக்குப் பட்டிமன்றமா நடக்கு?" என்றாள்.

15-6-94, புதன்

முறையீடு ஏற்கப்பட்டது. மன்ற எழுத்தர் இருமுறை படித்துவிட்டு, "ஏம்மா, கொழுந்தனக் காணும்னா ஒன் புருசன்லா மனுப் போடணும்?" என்றார். சுற்றி நின்றோர் சிரித்தனர். அய்யம்மாள் பதறி, "எனக்குக் கொழுந்தனே கெடையாதுய்யா, இது புருசன்" என்றாள். கொழுநன் வேறு, கொழுந்தன் வேறு என்று அவருக்கு அங்கேயே விளக்கினேன். தமிழ்நாட்டில் தமிழைத் தமிழனுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. வெட்கக்கேடு.

நடுவர் உடனே சிறை அறிக்கை கேட்டார். நாளையே விடை வரும்! அய்யம்மாளிடம், "நாளை மாலை உன் கணவன் உன்னுடன் இருப்பான்" என்றேன்.

மாலை, இராசபாளையத்தில் கூட்டம். நிலையத்தார் காதில் விழட்டும் என்றே கூப்பிடு தொலைவில் மேடை போட்டோம். முக்கால் மணி நேரம் பேசினேன். "சிறைக் கதவே, திற! திறவாயேல் இத்திரள் உன்னைத் திறக்கும்!" என்றபோது எழுந்த கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. இவ்வாண்டில் இதுபோல் பேசியதில்லை.

16-6-94, வியாழன்

"இப்பெயருடைய எவரும் இக்கிளைச்சிறையில் இல்லை."

அறிக்கை அவ்வளவே. முறையீடு முடித்து வைக்கப்பட்டது.

படிக்கட்டில் நின்று, பொய், பொய் என்று கத்தினேன். வைகுண்டராசு என் முழங்கையைப் பற்றி வேப்பமரத்தடிக்கு இழுத்துச் சென்றார்.

"அறிக்கை பொய்யில்ல அண்ணாச்சி. ஜெயில்ல அவன் இல்லதான். ஜட்ஜு ரிமாண்ட் பண்ணுனவன் பேரு எழுதி உள்ள போனா அது ஜெயிலு. பேரே எழுதாம ஸ்டேசன்ல அடைச்சு வச்சா அது லாக்கப்பு. நீங்க சிறையச் சோதிக்கச் சொன்னீக. கோர்ட்டும் சிறையத்தான் சோதிச்சுது. ஸ்டேசன்னு ஒரு வார்த்த மனுவுல இருக்கா, பாருங்க."

பார்த்தேன். இல்லை.

எதிர்த்த தேநீர்க் கடையில் ஐயாதுரை நின்றிருந்தார். குவளையை உயர்த்திக் காட்டினார்.

"புலவரே! ஒம்ம தமிழுக்கு ஒரு மால போடணும்வே. சிறைன்னு எழுதினீரு பாரும்! நாங்க யாரச் சிறையில வச்சோம்?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் எரிகிறது. இருபதாண்டுகள் மேடையில் எரித்தவனை ஒரு வாய்த் தேநீரில் அணைத்துவிட்டுப் போனார்.

அதே நாள், மாலை

அய்யம்மாளுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்பம் நான் சொன்னத நீங்க எழுதலையாய்யா?"

எழுதல. ஆமா, எழுதல. அந்தப் பிள்ள தெளிவாச் சொல்லுச்சு, லாக்கப்புன்னு. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. நான் என்ன சொன்னேன்? தமிழில் வந்திருக்கிறதாம்! என்னத்த வந்துச்சு? ஒருத்தன் அங்க அடி வாங்கிட்டுக் கெடக்கான், எனக்கு மாண்பு கேக்குது. அய்யோ, என்ன காரியம் செஞ்சேன் — புதன், வியாழன், ரெண்டு நாளு. இந்த ரெண்டு நாள்ல அவன எங்கயாவது கொண்டு போயிட்டாம்னா? கொன்னுட்டாம்னா? கொன்னவன் அவனா, நானா?

ஞானபாக்கியம் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வைகுண்டராசு சொல்லியனுப்பினார்: காலையில் புது மனு. அய்யம்மாள் சொல்லட்டும், நான் எழுத வேண்டும், ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது.

17-6-94, வெள்ளி

அய்யம்மாள் சொல்ல நான் எழுதியது, சொன்னபடியே:

"என் புருசன் சங்கிலிப்பாண்டிய சனிக்கிழம சாயங்காலம் ஜீப்புல ஏத்திட்டுப் போனாக. ஸ்டேசன்ல லாக்கப்புல வச்சிருக்காக. கம்பிக்குக் கீழ அவுக காலப் பாத்தேன். வலது கால் பெருவெரல்ல நகம் கெடையாது. இப்பம் அங்கன படுதா போட்டிருக்காக. படுதாவத் தூக்கிப் பாக்கணும்."

நிலையத்தின் பெயர், அது நிற்கும் தெரு, இரண்டையும் வைகுண்டராசு சேர்த்தார். படிக்கையில் நடுவரின் முகம் மாறியதைக் கண்டேன். கொழுநன் எவன் என்று எவரும் கேட்கவில்லை. தேடுதல் ஆணை உடனே எழுதப்பட்டது. மன்ற ஊழியர் இருவருடன் வைகுண்டராசுவும் நானும் அய்யம்மாளும் மூன்று மணிக்கு நிலையத்தினுள் நுழைந்தோம்.

ஐயாதுரை இம்முறை எழுந்தார்.

படுதாவைத் தூக்கியது அய்யம்மாள்.

இருந்தான். உயிர் இருந்தது. உடம்பில் துண்டு ஒன்றே உடை. ஊழியர் எல்லாப் பதிவேடுகளையும் புரட்டினர்; அவன் பெயர் எதிலும் இல்லை. நால்வராகத் தூக்கி வெளியே கொண்டுவந்தோம். ஒரு தோள் நான் கொடுத்தேன். எடையே இல்லை.

18-6-94, சனி

அரசு மருத்துவமனை. இரு உள்ளங்கால்களும் பிளந்திருக்கின்றன. இடது காலில் மூன்று எலும்புகள் முறிந்துள்ளன. இனி மரம் ஏறலாமா என்று அய்யம்மாள் கேட்டாள். மருத்துவர் அட்டையில் எழுதிக்கொண்டே இருந்தார்.

சங்கிலிப்பாண்டி என்னை அறியான். முறையீடு எழுதியவர் இவர் என்று அவள் சொன்னதும் கைகூப்ப முயன்றான். தடுத்தேன். கம்மிய குரலில் பேசினான்.

"புதங்கெழம மைக்குச் சத்தம் கேட்டுதுய்யா. யாரோ சிறை, சிறைன்னு பேசிட்டிருந்தாக. ஏட்டய்யா சிரிச்சாரு. 'ஒன்னய ஜெயில்ல தேடுதானுகலே'ன்னாரு. அப்பந்தான் நெனச்சேன், நான் இங்கன இருக்கது ஒருத்தருக்கும் தெரியாதுன்னு. கூட்டம் முடிஞ்ச பொறவுதான் காலுல ஆரம்பிச்சாக."

அது என் குரல் என்று அவனிடம் சொன்னேன்.

"நல்லாத்தான் பேசுனீக" என்றான்.

19-6-94

எழுத ஒன்றும் இல்லை.

2-7-94, சனி

களவு போனதாகச் சொன்ன மோட்டார் இராசபாளையத்தில் ஒரு பட்டறையில் இருக்கிறது. எரிந்துபோன சுருளுக்குப் புதுக் கம்பி சுற்றுவதற்காகத் தோப்புக்காரரின் மைத்துனனே கொடுத்துவிட்டு, சொல்லாமல் மதுரைக்குப் போயிருக்கிறான். தோப்புக்காரர் நேற்று மருத்துவமனை வாசல்வரை வந்து, உள்ளே வராமல் திரும்பினாராம். "ஒரு சீப்பு வாழப்பழத்த வாச்மேன்கிட்டக் குடுத்துட்டுப் போயிருக்காரு. அந்த வாச்மேனையே திங்கச் சொல்லிட்டேன்" என்றாள் அய்யம்மாள்.

22-8-94, திங்கள்

காவலர்மீது தொடுத்த வழக்கில் அவர்களது மறுமொழி இன்று வந்தது. மூன்று முறை படித்தேன். "மேற்படி நபரின் பெயர் நிலையப் பதிவேடு எதிலும் காணப்படாமையால் அவர் நிலையத்தில் வைக்கப்படவில்லை என்பது தெளிவு." மன்ற ஊழியர் தூக்கி வந்த உடலைவிட அவர்கள் எழுதாத பெயர் பெரிய சான்றாம்! 'தாமாக உள்ளே வந்து படுத்திருக்கலாம்' என்றும் ஒரு வரி இருக்கிறது. இதை எழுதிய கை எப்படிச் சோறு பிசையும்?

ஐயாதுரைக்கு வேறு ஊருக்கு மாற்றல். தண்டனையாம் அது. அந்த ஊர் செய்த குற்றம் என்ன?

தில்லி மனித உரிமை ஆணையத்துக்கு எழுதியதற்கு ஒப்புகை அட்டை வந்தது. அட்டை மட்டும். நம் மாநிலத்தில் ஆணையமே இல்லை. வைகுண்டராசு சொன்னார்: "சட்டம் இருக்கு அண்ணாச்சி. ஓட்ட எங்க இருக்கு தெரியுமா? உள்ள போன ஆளு பேர வெளிய இருக்கவன் பாக்க வழியில்ல. லாக்கப் ரிஜிஸ்டரு அவன் மேசைக்குள்ள இருக்கு. அவன் எழுதுனாத்தான் மனுசன் உண்டு."

அய்யம்மாள் கேட்டுக்கொண்டிருந்தவள், "ரேசன் கடையில சீனி இருக்கா இல்லையான்னு வெளிய போர்டுல எழுதுதாக. உள்ள ஆளு இருக்கான்னு எழுதப்பிடாதா?" என்றாள்.

வைகுண்டராசு என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

3-9-94

மாங்காய் பறிப்போர் ஐம்பத்திருவரின் கையெழுத்துடன் அய்யம்மாள் கேட்டதையே கோரிக்கையாக மாவட்டக் காவல் தலைமைக்கு அனுப்பினோம்: ஒவ்வொரு நிலையத்து வாசலிலும் பலகை, லாக்கப்பில் இருப்பவர் பெயர், கொண்டுவந்த நாள், நேரம். முதல் வரைவில் 'காவல் அடைப்பகம்' என்று என் கை தானாக எழுதிவிட்டது. அடித்துவிட்டு லாக்கப் என்று எழுதினேன்.

14-11-94

மறுமொழி வந்தது: "பரிசீலனையில் உள்ளது." பரிசீலனை!

10-12-94, சனி

மனித உரிமை நாள். திருவில்லிபுத்தூர் மண்டபம் ஒன்றில் விழா எடுத்தார்கள். சிறப்புரை என் பெயரில் அச்சாகியிருந்தது. போகவில்லை. காலை பத்து மணிக்கு அந்த நிலையத்தின் முன் நின்றோம். தோப்பு வேலையாட்கள் முப்பது பேர், கோல் ஊன்றிய சங்கிலிப்பாண்டி, அய்யம்மாள். ஆள் உயரக் கரும்பலகை ஒன்றை வாசற்சுவரில் சார்த்தி வைத்தோம். மைக் இல்லை. நான் பேசவில்லை.

ஐயாதுரையின் இடத்துக்குப் புதிதாக வந்தவர், சமுத்திரம் என்பவர், வெளியே வந்தார். நடுத்தர வயது, கடுமை இல்லாத முகம். அந்த முகத்தையும் நான் நம்பவில்லை.

"என்னம்மா இது, பள்ளிக்கூடமா?"

அய்யம்மாள் சாக்பீசை அவர் முன் நீட்டினாள். "லாக்கப்புக்குள்ள யாரு இருக்கா? பேர எழுதுங்க."

"மேலருந்து உத்தரவு வரணும்மா."

"உள்ள போட உத்தரவு கேட்டீகளா?"

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இப்பம் உள்ள யாரும் இல்லம்மா. போங்க" என்றார்.

சங்கிலிப்பாண்டி கோலை ஊன்றி இரண்டு எட்டு முன்னால் வந்தான். வாசலுக்குள் எட்டிப் பார்த்து, உடைந்த குரலை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தினான்.

"ஏலே! உள்ள யாரும் இருக்கியளா?"

ஓசை இல்லை. பிறகு, சுவருக்குப் பின்னாலிருந்து:

"இருக்கேண்ணே. வேலுசாமி. வியாழக்கெழமலருந்து."

சமுத்திரம் தரையைப் பார்த்தார். அய்யம்மாளின் கை நீட்டியபடியே இருந்தது.

"எழுதுங்கய்யா" என்றாள். "வேலுசாமி. வியாழக்கெழம. இப்பமே எழுதுங்க."