மெழுகுக்குள் மிளகளவு

இன்று காலை, பாலை அடுப்பில் வைப்பதற்கு முன்பே உன் டப்பாவைத் திறந்தேன். மெழுகு வாசனை. விரல் நுனியளவு வெள்ளைக் கட்டிக்குள், உங்கள் பண்ணைக்காட்டு மிளகளவில் நீ. உன் பெருங்குடலிலிருந்து பரிசோதனைக்கு எடுத்த சதை. "வீட்டுல இருந்தா மக பாத்து அழுவா. நீ வச்சுக்கடி" என்று, சாவதற்குச் சில நாள் முன்பு கொடுத்தாய்.

மலை ஆஸ்பத்திரி லேபில் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எத்தனை வருடம் ரத்த அணுக்களை எண்ணினோம்! பனிக்காலத்தில் மூச்சு பட்டு லென்ஸ் மங்கும். நீ மூச்சைப் பிடித்துக்கொண்டே எண்ணுவாய். வெள்ளை அணு கூடியிருந்தால், "படை எறங்கிருச்சுடி!" என்பாய்.

அந்த நினைப்பில்தான் தவறினோம். உன் குடல் அழற்சிக்கு மதுரை டாக்டர் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை கொடுத்தார். "படையவே கட்டிப்போடச் சொல்றாரு. இவருக்கு வேற சோலி இல்லயா?" என்றாய். சிரித்தேன். "நிறுத்தித்தான் பாரேன்" என்றதும் நான்தான். நீயும் நிறுத்திவிட்டாய்.

சில வருடம் கழித்துப் புற்று என்றார்கள். இந்த மெழுகுக் கட்டியிலிருந்து சீவிய ஸ்லைடை, "நானே பாக்கணும்" என்றாய். புற்றணுக்களைச் சுற்றி வெள்ளை அணுக்கள் மொய்த்திருந்தன. "இம்புட்டுப் பேரு சுத்தி நின்னும் ஏன்டி அடிக்கல?" என்று கேட்டாய். லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

உன் மகள் இப்போது மதுரையில் அதைத்தான் ஆராய்கிறாள். அழற்சி ஓயாமல் நீடித்தால், காக்க வந்த அணுக்களில் சிலவே புற்றுக்கு ரத்தக்குழாய் வளர உதவுமாம். அடிக்க வரும் மற்ற அணுக்களையும் தடுக்குமாம். எது அவற்றை அப்படி மாற்றுகிறது? அது முழுதாக இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்கிறாள்.

போன வாரம் போன் செய்தாள். "ஆன்ட்டி, அம்மாவோட மெழுகுக் கட்டி உங்ககிட்ட இருக்கா? அனுமதியெல்லாம் வாங்கிட்டேன். அம்மா எப்ப மாத்திரைய நிறுத்துனாங்க, ஏன் நிறுத்துனாங்கன்னும் தெரியணும்."

"இல்லம்மா. எனக்குத் தெரியாதே" என்றேன்.

அன்றிலிருந்து உன் கேள்வி என்னை விடவில்லை. ஏன் அடிக்கவில்லை? மாத்திரையை விடாமல் சாப்பிட்டிருந்தால் இந்த மிளகளவுக்குள் வேறு ஏதாவது தெரிந்திருக்குமா? எனக்கும் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் மதுரைக்கு இறங்குகிறேன். கீழே வெயில், டப்பாவை ஈரத்துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொள்வேன். வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை. நிறுத்தச் சொன்னது நான்தான் என்பதை முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் கட்டியைக் கொடுப்பேன். உன்னைக் கையில் வாங்கிவிட்டால் அவளால் என்னைத் திட்ட முடியாமல் போய்விடும்.