லேத்தில் ஆட்டம் இல்லை

என் கண்ணான மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம், சௌக்கியமா என்பதைப் படித்து முடித்துவிட்டு நீயே சொல். போனில் சொல்லக்கூடாதா, இதென்ன புதுசாகக் கடிதாசி என்று நினைப்பாய். நீ கூப்பிட்டாலே உன் அப்பா ஸ்பீக்கரைப் போடு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அவரை வைத்துக்கொண்டு சொல்லக்கூடியது இல்லை இது. மெஷின் எண்ணெய் வாங்கப் போயிருக்கிறார், அதற்குள் எழுதி முடிக்க வேண்டும். குட்டிக்குப் பல் முளைத்த போட்டோ பார்த்தேன், அப்படியே உன் மாமியார் சிரிப்பு, அவர்களிடம் சொல்லிவிடாதே, ஏற்கெனவே பெருமை தாங்கவில்லை.

அப்பாவின் கடைசல் மெஷின், அந்த லேத் விஷயம்தான். ஊரில் உள்ள கடிகாரக் கடைக்காரர்கள் எல்லாரும் தங்கள் மெஷின்களைப் பழுது பார்க்க உன் அப்பாவிடம் கொண்டுவருகிறார்கள், அவருடைய சொந்த லேத்தோ ஆடுகிறது என்று வெயில் தொடங்கியதிலிருந்து ஒரே புலம்பல். கடிகாரச் சக்கரத்துக்கு மயிரிழை கனத்தில் அச்சு கடைந்தால் முனை ஒடிந்து போகிறதாம். பெல்ட்டை மாற்றினார், மேஜையைச் சுவரோடு சேர்த்து முடுக்கினார், தெருவில் லாரி போவதால் என்றார், அப்புறம் என் மிக்ஸியால் என்றார். அவர் வேலையில் இருக்கும்போது மிக்ஸி போடக்கூடாது என்று சட்டம் வந்தது, நான் சின்ன உரலில் இடித்தேன், அந்த இடிக்கு மிக்ஸியே தேவலை என்பது மட்டும் அவர் காதில் ஏறவில்லை. ஆட்டத்தை அளக்கிற டயல் கேஜை வைத்துப் பார்த்தார், முள் அசையவே இல்லை. லேத் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே, இல்லை, கேஜ் கெட்டுவிட்டது என்று அதையும் பிரித்துப் பரப்பிவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது, உனக்குத்தான் என் வாய் தெரியுமே. ஆனால் சொல்லவில்லை. அன்று காலையில் அவர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனதைப் பார்த்திருந்தேன், டீ விளிம்பில் அலை அடித்தது. சும்மா இருக்கும்போது ஒன்றும் இல்லை, எதையாவது பிடித்தால்தான் அந்த வலது கை நடுங்குகிறது. அன்றிலிருந்து அரை டம்ளர்தான் ஊற்றினேன். அதற்குப் பிறகுதான் பேரிங் தேய்ந்துவிட்டது, இங்கே நல்லது கிடைக்காது, நீ அனுப்பறியா என்று உன்னிடம் கேட்டார், நீயும் நாளைக்கே அனுப்புறேன்ப்பா என்றாய். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

போன வியாழக்கிழமை பார்சல் வந்தது. கை கழுவிவிட்டுப் பிரிக்கிறேன் என்று அலமாரியில் வைத்தார். அந்த நேரம் பார்த்து, கண்ணில் லென்ஸைக் கழற்றாமலே தெருவில் நடப்பாரே, நீ ஒற்றைக்கண் மாமா என்பாய், அந்தக் கடிகாரக் கடைக்காரர், பழுதுக்குக் கொடுத்திருந்த பாகம் கழுவுகிற மெஷினை வாங்கிப்போக வந்தார். சும்மா இராமல் லேத்தில் உட்கார்ந்து ஓர் அச்சைக் கடைந்தார். உன் அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். முனை ஒடியவில்லை. மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னப்பா இது வெண்ணெய் மாதிரி ஓடுது, பேரிங் மாத்திட்டியா என்று கேட்டார். ஆமா, பொண்ணு அனுப்பினா, நேத்துதான் மாத்தினேன் என்றார் உன் அப்பா. பார்சல் ஒட்டின டேப்கூடக் கிழியாமல் அவர் தலைக்கு மேலே இருந்தது.

மாமா போனதும் லேத்தைத் துடைத்து, எண்ணெய் விட்டு, துணி போட்டு மூடினார். அழவில்லை, அழுதிருந்தால் நானும் கூட உட்கார்ந்து அழுதிருப்பேன். டீ கொண்டுபோனேன். டம்ளரை எட்டிப் பார்த்துவிட்டு, எத்தனை நாளா எனக்கு அரை டம்ளர் ஊத்துறே என்று கேட்டார். இனிமே முழுசா ஊத்து, சிந்தினா துடைச்சுக்கலாம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, மிக்ஸியையும் போட்டுக்கோ என்றார். அந்த மிக்ஸியைச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை, அடுப்படிக்கு வந்து அதைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன். திங்கட்கிழமை நரம்பு டாக்டரிடம் போகிறோம். வரமாட்டேன் என்று அடம்பிடிப்பார், சண்டை போட்டு இழுத்துப் போகலாம் என்றிருந்தேன், எந்தச் சட்டை போட்டுக்கட்டும் என்று கேட்கிறார். மோட்டார், பெல்ட் வேலையெல்லாம் எப்போதும்போலச் செய்கிறார், மயிரிழை வேலை வந்தால் கண்ணாடி மாத்தணும், அப்புறம் வாங்க என்று அனுப்பிவிடுகிறார். நீ லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே, நீ வாசலில் வந்து நின்றால் நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்துவிடும். டாக்டர் என்ன சொல்கிறார் என்று பார்த்து நானே கூப்பிடுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு, அந்த ஊர்க் குளிரில் குட்டியின் காதை மூடி வை.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது, நீ அனுப்பின பேரிங் போட்டதும் லேத் சரியாயிடுச்சு, இப்ப ஆட்டமே இல்லை என்று அப்பா சொல்வார். அவ்வளவு தூரத்திலிருந்து தேடிப் பிடிச்சு அனுப்பியிருக்கா, அவகிட்ட அப்படித்தான் சொல்லப்போறேன் என்று என்னிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அப்படியாப்பா, நல்லதாப் போச்சு என்று சொல், குரல் உடையாமல் சொல். லேத்தில் ஆட்டம் இல்லை என்பது பொய்யும் இல்லையே.

உன் அம்மா