கருத்தரங்குக்கு வந்த சிப்பாய்

சுவா, ஃபிஜி, ஆகஸ்ட் 2000

அன்புள்ள அப்பாவுக்கு,

சுபத்ரா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நம் இந்திய வம்சத்துப் பிரதமரின் ஆட்சி கவிழ்ந்த பிறகும் எங்கள் சட்டக் கருத்தரங்கு நடந்தது. பூர்வகுடிகளிடம் நம்மவர் எடுத்த குத்தகை நிலம் பற்றி நான் கட்டுரை வாசித்தபோது ஒரு சிப்பாய் கடைசி வரிசையில் இருந்தார். பிறகு துப்பாக்கியை மடியில் வைத்தபடி எங்களோடு பாயில் உட்கார்ந்து நகோனா வேர்ச்சாறு குடித்தார். மரியாதையாகத்தான் பேசினார். "உங்க அப்பா பூமி எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார். லம்பாசா என்று சொல்லிவிட்டேன். பயப்பட ஒன்றுமில்லை.

பக்கத்து அறை ஆசிரியை ஆக்லாந்துக்கே குடிபோய்விட்டார். தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை. கப்பலில் மாங்காய் ஊறுகாய் அனுப்புங்கள். என் பிறப்புச் சான்றிதழையும்.

தபால் நிலையத்தை மூடப்போகிறார்கள். இந்த வருஷம் புதுக் கரும்பு நட வேண்டாம், அப்பா. வெட்டும்போது நாம் அங்கே இருப்போமா, தெரியவில்லை.

உங்கள்
சுபத்ரா