ஏணி சாய்ச்ச சிலுவை

மரக்காணம்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள இன்னா அக்காவுக்கும், இதை முதல்ல பிரிச்சுப் படிக்கிற மதருக்கும்,

அம்மா உப்பளத்துக்குப் போறாங்க, அப்பா கடலுக்குப் போறாரு, நான் தெருத் தெருவா போறேன். ஆமா, நர்சிங் காலேஜுக்குத் திரும்பப் போகல. ரெண்டு வருஷம் போதும். நீ மடத்துல சேரப் போறேன்னப்ப நான் ஏன்னு கேட்டனா?

நான் தேடறது பழைய தெருவிளக்கு. வீடுங்க இருக்கிற தெருவுல, எல்.இ.டி.க்கு நடுவுல, பிடுங்க மறந்துபோன வார்ப்பிரும்புக் கம்பம். கோட்டக்குப்பத்துல ஒண்ணு, அதுல துணி காயுது. பிரம்மதேசத்துல ஒண்ணு, எருமை கட்டியிருக்காங்க. அடையாளம் சுலபம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே குறுக்கே ஒரு கம்பி இருக்கும். அந்தக் காலத்துல விளக்கேத்த வர்றவன் ஏணியைச் சாய்க்கிறதுக்கு.

இப்ப நம்ம தெரு முனையை நெனச்சுப் பாரு. தேர் திரும்புற இடத்துல நிக்குதே, இரும்புச் சிலுவை.

நேத்து அடியில சுரண்டினேன். வருஷா வருஷம் திருவிழாவுக்கு அடிச்ச சில்வர் பெயிண்ட் அடுக்கு அடுக்கா உதிர்ந்துது. உள்ள கோட்டக்குப்பத்துல பார்த்த அதே பூவேலை. அக்கா, நாம முத்தம் குடுத்து வளர்ந்தது ஒரு லைட்டுக் கம்பத்துக்கு. மதர், கோச்சுக்காதீங்க.

மீதியை விசிட்டிங் ஞாயித்துக்கிழமை நேர்ல சொல்றேன்.

உன் ஆன்மேரி


நவதுறவியர் இல்லம்
10 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

மதர் சிரிச்சாங்க. நான் சிரிக்கல. தையல் பாதி, டைப்பிங் பாதி, இப்ப நர்சிங்கும் பாதி. ஒரே ஒரு விஷயத்தை முழுசா முடிச்சுட்டு என்னைப் பார்க்க வா. அதுவரைக்கும் விசிட்டிங்குக்கு வராதே.

சிலுவை சமாச்சாரத்தை ஊர்ல யார்கிட்டயும் சொல்லாதே. உன் வாய் எனக்குத் தெரியும்.

அம்மாவைக் கால்ல எண்ணெய் தடவிட்டு உப்புல இறங்கச் சொல்லு.

செபத்தில் உன்னை நினைக்கும்
இன்னாசிமேரி


மரக்காணம்
18 ஆகஸ்ட் 2025

அக்கா,

உன் லெட்டர் வர்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். பூசை முடிஞ்சு எல்லாரும் வெளிய நிக்கறப்ப, திருவிழாக் கமிட்டி இருதயநாதன் பெரியப்பாகிட்ட, சத்தமா. சிலுவைக்கு எதிர் வீட்டு லூர்துமேரி அக்கா நெத்தியில சிலுவை போட்டுக்கிட்டு என்னைத் திட்டுச்சு. பெரியப்பா திட்டல. அதுதான் மோசம்.

"லைட்டுக் கம்பந்தானா? அப்ப எடுத்துரலாம்பா. இத்தினி வருசமா அங்க தேரைத் திருப்பறதுக்குள்ள உசுரு போவுது."

கொடியேத்தத்துக்கு மறுநாள் அறுக்க ஆள் சொல்லிட்டாரு. இந்த உப்புக்காத்துல ஊர்ல எந்த இரும்பும் நின்னதில்ல. சிலுவைன்னு நெனச்சு பெயிண்ட் அடிச்சதாலதான் அது ஒண்ணு நின்னுது. என் வாயால சாகப் போகுது.

விசிட்டிங்குக்கு வரல. அந்தக் கம்பத்தைக் காப்பாத்தற வேலையை முழுசா முடிக்கிறேன்.

ஆன்மேரி


மரக்காணம்
30 ஆகஸ்ட் 2025

அக்கா, மதர்,

எரியுது!

கம்பத்துக்கு விளக்குத் தலை இல்லாததாலதான் ஊரே ஏமாந்துது. அந்தத் தலை எங்க இருந்துது தெரியுமா? லூர்துமேரி அக்கா வீட்டுத் தோட்டத்துல. மன்னிப்புக் கேக்கப் போனேன். கோழிக்குஞ்சை ஒரு செம்புக் கூண்டு போட்டு மூடி வெச்சிருக்குது. நாலு பக்கம் சட்டம், மேல தொப்பி, அடியில கம்பத்து மேல உக்கார வளையம். கேட்டேன்.

"என் சிலுவையைக் கெடுத்த. இப்ப கோழிக்கூண்டும் வேணுமாடி உனக்கு?"

திட்டிக்கிட்டே கழுவிக் குடுத்துச்சு. தன் வீட்லேர்ந்து கரண்டும் குடுத்துச்சு. நாலு பக்கமும் கண்ணாடியை நான் வெட்டிப் பொருத்தினேன். வயரிங்கை எலக்ட்ரீஷியன் சவரிமுத்து அண்ணன் சொல்லிக் குடுக்க, ஏறினது நான். குறுக்குக் கம்பியில ஏணியைச் சாய்ச்சேன் பாரு, கொஞ்சங்கூட ஆடல. அதுக்குன்னே செஞ்ச இடமாச்சே.

நேத்து கொடியேத்தம். பவனி தெரு முனைக்கு வந்தப்ப சுவிட்சைப் போட்டேன். பாட்டு நின்னுபோச்சு. எல்லாரும் அண்ணாந்து பார்த்தாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா வந்து முத்தம் குடுக்க ஆரம்பிச்சாங்க, லூர்துமேரி அக்காதான் முதல்ல. மறுநாள் அறுக்க வேண்டிய ஆளும் கூட்டத்துல இருந்தாரு, பெரியப்பாவைப் பார்த்தாரு. பெரியப்பா துண்டை எடுத்துத் தலையைத் துடைச்சுக்கிட்டாரு.

"சிலுவையில வெளக்கு எரியுது. எப்படிடா அறுக்கறது? தேரை நாம ஒழுங்கா திருப்பக் கத்துக்குவோம்."

இன்னிக்கு நானே பெயிண்ட் அடிச்சேன். ரெண்டு கோட்டு. ரெண்டாவது கோட்டும் முழுசா.

ஆன்மேரி


நவதுறவியர் இல்லம்
7 செப்டம்பர் 2025

என் ஆன்மேரிக்கு,

உன் லெட்டரைச் சாப்பாட்டு அறையில மதர் சத்தமா வாசிச்சாங்க. பெரியப்பா பேசினதை ரெண்டு தடவை.

எங்க மடத்துக்குப் பின்னாடி ஒரு தெரு இருக்குது, பூரா வீடுங்க. வருஷம் பூரா அது வழியாத்தான் பூசைக்குப் போறோம். இன்னிக்குத்தான் நிமிர்ந்து பார்த்தேன். கேபிள் ஒயருங்களுக்கு நடுவுல ஒரு கம்பம், உச்சிக்குக் கீழே குறுக்கே கம்பி.

வர்ற ஞாயித்துக்கிழமை விசிட்டிங். கிளம்பி வா. காலேஜ் பேச்சு எடுக்க மாட்டேன்.

ஏணிக்கு மதர் சொல்லி வெச்சுட்டாங்க.

உன் அக்கா
இன்னா