அந்த வரியை மாற்றியவள் நான்

இன்று காலை நம் அலுவலகத்தில் எல்லோரும் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் நூலகத்தைத் திறந்து, நீ எழுதிய அந்தச் சின்ன நிரலின் பழைய பதிவுகளைப் புரட்டினேன். கேட்கும்போதெல்லாம் எழுத்துகளைத் தாறுமாறாகக் கோத்துத் தருமே, அதுதான். ஒரு நாளின் பதிவில் ஒரே ஒரு வரி மாறியிருந்தது. எதிரே என் பெயர். அதற்குமேல் உட்கார முடியவில்லை. எழுந்து வந்து மாடிப்படியில் நின்றேன். தெருவில் விசைத்தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

சங்கரன்கோவிலிலேயே கம்ப்யூட்டர் வேலை கிடைத்ததில் நம் இருவருக்கும் எவ்வளவு பெருமை! ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு மென்பொருள் செய்து கொடுத்தோம். நோயாளி தன் ரிப்போர்ட்டைப் போனில் திறக்க எட்டு எழுத்தில் ஒரு ரகசியக் குறி போகும். அதை உருவாக்குவது உன் நிரல். எழுதி முடித்த அன்றே சைபரையும் ஆங்கில ஓ எழுத்தையும் அதிலிருந்து நீக்கினாய். "வயசானவங்க ரெண்டையும் கொழப்பிக்கிடுவாங்கட்டி" என்றாய்.

மெதுவாக ஓடுகிறது என்று அந்த வரியை மாற்றியது நான். கடிகாரத்தின் நொடியை வைத்து எழுத்துகளை உருவாக்கும் சுருக்கு வழி. பார்த்ததுமே சொன்னாய்: "ஏட்டி, ஒரே நொடியில ரெண்டு பேருக்குப் போனா ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும். மாத்திரு."

நாளைக்கு மாற்றுகிறேன் என்றேன். மறந்துவிட்டேன்.

கடையநல்லூரில் அப்படியே நடந்தது. ஒரு பெண்ணின் ரிப்போர்ட் வேறொரு வீட்டுப் போனில் திறந்துகொண்டது. கணவனிடம்கூட அவள் இன்னும் சொல்லாத நோய், தெருவில் பேச்சாகிவிட்டது. பரிசோதனை நிலையத்தில் வந்து அழுதிருக்கிறாள்.

யார் செய்தது என்று முதலாளி கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. அப்பா பக்கவாதத்தில் விழுந்திருந்த மாதம் அது. நீதான் எழுந்தாய். உன் நிரல், உன் தவறு என்றாய். பதிவைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அன்றே உன்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். போகும்முன் அந்த வரியைச் சரிசெய்துவிட்டுத்தான் போனாய். படியில் உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப ஒனக்கு வேலை போனா வீடு நிக்காதுட்டி. நான் வேற பாத்துக்கிடுதேன்" என்றாய்.

வேறு வேலை கிடைக்கும் முன்னே உனக்கு நோய் வந்தது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம், உன் வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறுவேன். அவர் உன் கட்டில் பக்கத்திலேயே இருப்பார். ஆரஞ்சு உரித்துக் கொடுப்பேன், ஊர்க்கதை பேசுவேன், திரும்பிவிடுவேன். நீயும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான்காம் முறை வந்தபோது நீ போய்ச் சேர்ந்திருந்தாய்; உன் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள்.

இன்று சாயங்காலம் திருவேங்கடம் சாலையில் உள்ள உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரர், அண்ணாச்சி, துணி மடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மடித்து முடித்த சட்டையை மறுபடி பிரித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கவனமில்லாம இருந்து வேலையத் தொலைச்சிட்டாளேன்னு ஒரு மாசம் அவகூடப் பேசல, தங்கச்சி" என்றார். பிறகு சட்டையைத் தடவியபடி, "அப்பவும் ஒம் பேரச் சொல்லலியே" என்றார்.

எனக்காக நீ இழந்தது ஒரு வேலையை மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். உன் வீட்டுக்குள் யாரும் பேசாமல் நீ கழித்த அந்த ஒரு மாதத்தையும் இன்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.