மேடையில் என் தோள்

பெரியவனுக்கு,

என் வலது தோளை என்னைக் கேட்காமல் நீ மேடையேற்றிவிட்டாய். அப்பாவும் தங்கையும் சுகம். நான் சுகமா என்பதை உன் ஆட்டத்தைப் பார்த்தவர்களிடமே கேட்டுக்கொள். போனில் கேட்டால் மழுப்புவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

தங்கைதான் நீ மேடையில் ஆடிய வீடியோவைக் காட்டினாள். நீயும் ஒரு பெண்ணும் ஆளுக்கொரு முனையாகப் படுக்கை விரிப்பை மடிக்கிறீர்கள். உதறுவதற்கு முன் நீ ஒரு நொடி நிற்கிறாய், அவள் கையை உயர்த்தியதும் இடுப்பைத் தள்ளித் துணியை ஏற்றுகிறாய். உழைக்கும் உடலின் மௌனம் பற்றிய ஆராய்ச்சி என்று கீழே போட்டிருந்ததாம். மௌனமா அது? என் கை தோளுக்கு மேல் ஏறாது என்பது நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து மேற்பார்வையாளருக்குத் தெரியக்கூடாது. அதற்காக, என்னோடு மடிக்கிற அக்கா முதலில் தூக்குவாள், அந்த மறைவில் நான் இடுப்பால் சமாளிப்பேன். அதற்குப் பெயர் ஒளிப்பது. போன விடுமுறையில் சலவைக்கூடத்து மூலையில் உட்கார்ந்து எங்களைப் படம் பிடித்தாயே, எதுக்குடா என்று கேட்டதற்கு, சும்மா ஞாபகத்துக்கும்மா என்றாய்.

இப்போது கூடம் முழுக்க உன் ஆட்டத்தைப் பற்றிய பேச்சுதான். பால் குடிச்சது போதாதுன்னு உன் இடுப்பையும் தூக்கிட்டுப் போயிட்டானாக்கா என்று இஸ்திரி போடுகிறவள் கேட்டாள். நானும் சிரித்துவைத்தேன். மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. பையன் நல்லா ஆடுறான், எங்க, அந்த மேல் தட்டுல இருக்கறத எடுங்க பாப்போம் என்றார். நான் எடுக்கறேன் சார் என்று அக்கா ஓடினாள். உங்களச் சொல்லலியே என்றார். அடுத்த மாதம், சலவையை ஒப்பந்தம் எடுத்திருக்கும் கம்பெனியின் டாக்டர் என்னையும் அக்காவையும் பார்க்கப்போகிறாராம். கை ஏறாவிட்டால் வேலை இல்லை. என் தோளைத் தேய்த்ததும் அந்தக் கூடம்தான், தேய்ந்துவிட்டது என்று துரத்தப்போவதும் அதேதான். உன் ஆராய்ச்சியில் அது ஒரு வரிகூட வரவில்லையே, ஏன்? அவனுக்கு இந்த விவரமெல்லாம் தெரிஞ்சிருக்காது என்கிறார் அப்பா. எனக்கு நம்பிக்கையில்லை. இத்தனை வருடம் பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளர் கண்ணில் படாதது, ஒரே நாளில் உன் கண்ணில் எப்படிப் பட்டது?

வெறுந்தரையில் முட்டி இடிக்க விழுகிறாய், துணியாவது கட்டிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. நீ ஆடியது நன்றாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்லபடியாக இரு, பேரோடு இரு. ஆனால் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். அந்த விடுமுறை முடிந்து நீ கிளம்புவதற்கு முந்தின நாள் நீயாக வந்து என் தோளைப் பிடித்துவிட்டாய். கையை மெல்லத் தூக்கி, இதுக்கு மேல போகலியாம்மா, எந்த இடத்துல நிக்குது என்று கேட்டாய். உன் அப்பாவிடம்கூடச் சொல்லாததையெல்லாம் உன்னிடம் சொன்னேன். அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது என் பிள்ளையா, ஆராய்ச்சிக்காரனா? டாக்டர் வருவதற்குள் எழுது.

அம்மா